பட்டமும் வேண்டும், கடனும் கழுத்தை நெரிக்கக் கூடாது!

(தோட்டக் கிளைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் ஆற்றிய உரை. பிள்ளைகளை வெளி மாநிலங்களுக்குப் படிக்க அனுப்ப நினைக்கும் அன்பர்களின் நன்மையைக் கருதி முழுமையாக வெளியிடுகிறோம்.)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். முப்பத்தேழு ஆண்டுக் காலம் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து செக்ரோல் எழுதியவன். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை ராத்தல் பால் எடுத்தார், எவ்வளவு பிடித்தம் என்று அடுத்தவர் கணக்கைப் பிசகில்லாமல் எழுதிய கை இது. ஆனால் என் வீட்டுக் கணக்கில் ஒரு தடவை பெரும் பிசகு செய்துவிட்டேன். அந்தப் பிசகை உங்களிடம் மறைக்காமல் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். செயலாளர் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, “வெளி மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைப் படிக்க வைப்பது எப்படி?” என்பது. கடன்பட்டுப் படிக்க வைத்தவன் என்ற முறையிலும், பெரிய கடன் இல்லாமல் படிக்க வைத்தவன் என்ற முறையிலும் எனக்கு இதைப் பற்றிப் பேச ஓரளவு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தோழர்களே! பல்கலைக்கழகம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. 1949-ல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கே தமிழுக்கும் இந்திய இயலுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நம் முன்னோர்கள் வாதாடினார்கள். “தமிழ் எங்கள் உயிர்” என்ற பெயரில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் நிதி திரட்டியபோது, தோட்டத்துத் தொழிலாளிகளும் ஆளுக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்தார்கள். 1956-ல் இந்திய இயல் துறை அமைந்தது. பால்வாளி தூக்கிய கை பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தது. ஆனால் கொடுத்தவர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் அந்த வாசற்படியை மிதித்தார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்று வாசல் நமக்கு மூடிக் கிடந்தது. இன்று திறந்திருக்கிறது. ஒன்றல்ல, பல வாசல்கள் திறந்திருக்கின்றன. எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதில்தான் இன்றைய ஆபத்தும் இருக்கிறது, நன்மையும் இருக்கிறது.

முதலில் என் பிசகைச் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த மகன் 2002-ல் எஸ்.பி.எம். எழுதினான். கெட்ட பையன் அல்லன், சுமாரான தேர்ச்சி. முடிவு வந்த வாரமே பட்டணத்து மண்டபம் ஒன்றில் கல்விக் கண்காட்சி என்று சொன்னார்கள். போனோம். கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர், “ஐயா, ஆறாம் படிவத்தில் இரண்டு வருஷம் எதற்கு வீணாக்க வேண்டும்? இங்கே இன்றே சேரலாம், கடன் நாங்களே வாங்கித் தருகிறோம், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்” என்றார். பளபளப்பான புத்தகம், குளிர்சாதன அறை, ஆளுக்கொரு கோப்பைத் தேநீர். தோட்டத்துக் கிராணியை “சார்” என்று அழைத்தார்கள். அந்த “சார்” என்ற சொல்லுக்கு நான் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 18,000 வெள்ளி. இரண்டாண்டுக்கு 36,000. தங்கவும் சாப்பிடவும் மேலும் 10,000. ஆக மொத்தம் 46,000. இதில் பி.டி.பி.டி.என். கடன் 24,000. என் மனைவியின் நகையை வைத்து 6,000. கூட்டுறவுச் சங்கக் கடன் 10,000. மிச்சம் 6,000 வெள்ளியை எங்கே வாங்கினேன் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது; ஆனாலும் சொல்கிறேன். வட்டிக்காரனிடம் வாங்கினேன். மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கட்ட வழியில்லாமல் பையன் படிப்பை நிறுத்திவிட்டு வந்தான். கையில் பட்டம் இல்லை. தலையில் கடன் இருந்தது. தொழிற்சாலை லாரி ஓட்டினான். கடைசித் தவணையை அவன் கட்டி முடித்தது 2021-ஆம் ஆண்டு. படித்தது இரண்டாண்டு, அதற்குக் கட்டியது பதினைந்து ஆண்டு. இந்தக் கணக்கை எந்தச் செக்ரோலில் எழுதுவது?

அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. “நீங்கள் என்ன செய்வீர்கள் அப்பா, யாரும் நமக்குச் சொல்லவில்லையே” என்பான். அது பாதி உண்மை. யாரும் சொல்லவில்லை என்பது மெய்தான். நானும் யாரையும் கேட்கவில்லை என்பது மீதி உண்மை.

இனி என் மகளின் கணக்கு.

அவள் 2006-ல் எஸ்.பி.எம். எழுதினாள். அண்ணன் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள். “அப்பா, நான் ஆறாம் படிவம் போகிறேன்” என்றாள். அக்கம்பக்கத்தில் சிலர், “அது கஷ்டமான பரீட்சையாயிற்றே” என்றார்கள். கஷ்டந்தான், ஆனால் செலவு என்ன? புத்தகச் செலவும் பேருந்துச் செலவும்தான். 2008-ல் எஸ்.டி.பி.எம். எழுதி முடித்து, 2009-ல் கெடாவிலுள்ள சிந்தோக்கில் உத்தாரா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நாங்கள் இருந்ததோ நெகிரி செம்பிலான். மேல் கோடியிலிருந்து கீழ்க் கோடி என்பார்களே, ஏறக்குறைய அப்படி. “பெண் பிள்ளையை இவ்வளவு தூரம் தனியாக அனுப்புவதா? மாநிலம் விட்டு மாநிலம் போனால் கட்டணமும் கூடுமே” என்று நான் தயங்கினேன். என் மனைவி பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவர். அவர் சொன்னார்: “என் ஆயா கப்பலேறிக் கடல் தாண்டி வந்தவள். என் மகள் பஸ் ஏறிக் கெடாவுக்குப் போகக் கூடாதா?” அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

நான்கு ஆண்டுகளில் எட்டுப் பருவங்களுக்குக் கட்டணமும் விடுதியும் சேர்த்து 11,600 வெள்ளி. சாப்பாடு, பேருந்து, புத்தகம் எல்லாம் சேர்த்து 14,000. மொத்தம் 25,600. இதில் உதவித் தொகைகளாக வந்தது 4,000. விடுமுறைகளில் அவளே வேலை செய்து சேர்த்தது 4,000. நாங்கள் கட்டி வந்த கூட்டுப் பணமும் சேமிப்புமாக 7,600. கடன் 10,000 மட்டும். வேலைக்குப் போன நான்கு வருஷத்தில் அதை அடைத்துவிட்டாள். பட்டமும் வந்தது, வட்டிக்காரன் வாசலுக்கு வரவில்லை.

ஒரே வீடு, ஒரே சம்பளம், இரண்டு பிள்ளைகள். ஒருவனுக்கு இரண்டாண்டுப் படிப்புக்கு 46,000; மற்றவளுக்கு நான்காண்டுப் பட்டத்துக்கு 25,600. வேறுபாடு எங்கே வந்தது? மகனின் மூளையிலா? இல்லவே இல்லை. நுழைந்த வாசலில் வந்தது. கடன் என்பது, கையெழுத்துப் போடும் நாளில்தான் பிறக்கிறது என்று நினைக்கிறோம். அது எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்திலேயே, எந்த வழியில் போவது என்று முடிவு செய்யும்போதே பிறந்துவிடுகிறது. நான் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கம்.

மாநிலம் விட்டு மாநிலம் போனால் கட்டணம் கூடுமா என்று நான் பயந்தேன் அல்லவா? அந்தப் பயம் உங்களில் பலருக்கும் இருக்கும். அமெரிக்காவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அங்கே ஒரு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அடுத்த மாநிலத்துப் பிள்ளை போனால், இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூடக் கேட்பார்கள். நம் நாட்டில் அது கிடையாது. ஜொகூர் பிள்ளை கெடாவில் படித்தாலும், பேராக் பிள்ளை சபாவில் படித்தாலும், அந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் மலேசிய மாணவர் எல்லாருக்கும் ஒரே கட்டணம். செலவில் பெரும் பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. பல பட்டப் படிப்புகளுக்கு மாணவர் கட்டுவது ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 1,000 வெள்ளியிலிருந்து 1,500 வெள்ளிக்குள்தான். ஆகவே தூரத்துக்குப் பயந்து கிடைத்த இடத்தைத் தள்ளிவிடாதீர்கள். கூடுவது கட்டணமல்ல, பேருந்துச் செலவும் மனக் கவலையும்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அரசுப் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பார்த்ததும் எல்லாம் மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. யு.பி.யு. மூலமாக விண்ணப்பித்துக் கிடைக்கும் இடத்துக்குத்தான் நான் சொன்ன கட்டணம். அதே கட்டடத்தில், அதே பாடத்துக்கு, நேரடிச் சேர்க்கை என்று இன்னொரு வழியும் சில இடங்களில் உண்டு. அங்கே கட்டணம் பல மடங்கு. கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் முதல் பக்கத்தை மட்டும் படிக்காதீர்கள். கட்டண விவரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதை முதலில் படியுங்கள்.

இனி, கடன் குறைந்த வாசல்கள் எவை என்று சொல்கிறேன்.

முதலாவது ஆறாம் படிவம். மூன்று பருவங்கள், அரசுப் பள்ளிக்கூடம். அவசரப்பட்டவர்களுக்கு அது நீண்ட வழியாகத் தெரியும். என் மகன் குறுக்கு வழியில் போனான்; எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்தீர்கள்.

இரண்டாவது மெட்ரிகுலேசன். ஓராண்டுப் படிப்பு. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்ற பிள்ளைகளுக்கு இனம் பாராமல் இடம் உண்டென்று 2024-ல் அரசாங்கம் அறிவித்தது. அதற்குக் குறைவாகப் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காத பிள்ளைக்கு இடம் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம்.

மூன்றாவது ஆசிரியர் கல்விக் கழகம். எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கான பி.ஐ.எஸ்.எம்.பி. பட்டப் படிப்பு அங்கே இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் மாதந்தோறும் படிப்பணமும் உண்டு. தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கடனில்லாத பட்டம் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கூடுகின்றன.

நான்காவது போலிடெக்னிக். பருவத்துக்கு 200 வெள்ளி அளவில் கட்டணம். டிப்ளோமா முடித்து, நல்ல புள்ளிகளோடு அங்கிருந்து பல்கலைக்கழகம் போனவர்கள் பலர்.

பெற்றோர்களே, இன்னொன்றையும் கவனியுங்கள். யு.பி.யு. தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி பரீட்சைக்கு. மிச்சம் பத்துப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. சாரணர் இயக்கம், விளையாட்டு, கழகம் எல்லாம் அந்தப் பத்தில் அடங்கும். தோட்டத்துப் பிள்ளைகள் மத்தியானப் பேருந்தை விட்டால் வீடு வர வழியில்லை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். பரீட்சையில் சமமாக நின்ற பிள்ளை, அந்தப் பத்துப் புள்ளியில் பின்தங்கி இடத்தை இழக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளை தங்கி வர ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து லயத்துப் பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு காரையோ வேனையோ கூட்டாகப் பேசிக்கொள்ளலாம். அந்த வேன் கூலி சில வெள்ளி. இழக்கும் இடத்தின் விலை பல்லாயிரம்.

தனியார் கல்லூரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்து நன்றாக இருப்பவர்களும் உண்டு. உபகாரச் சம்பளத்தோடு கிடைத்தால் தாராளமாகப் போகட்டும். ஆனால் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா? முதலாண்டுக் கட்டணம் மட்டுமல்ல, கடைசிப் பருவம் வரை மொத்தக் கட்டணம் எவ்வளவு? எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கொடுக்கத் தயங்கும் இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தயங்குவது தப்பில்லை.

சரி, இடம் கிடைத்துவிட்டது. பிள்ளை வெளி மாநிலத்துக்குப் புறப்படுகிறது. அனுபவத்தில் சொல்கிறேன், நம்மவர்கள் வட்டிக்காரனிடம் மாட்டிக்கொள்வது நான்காண்டுப் படிப்பினால் அல்ல; முதல் நாளினால்தான். பதிவு நாளில் கட்டணம், விடுதிக்கு முன்பணம், மெத்தை தலையணை, போக்குவரத்து என்று இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி ஒரே நாளில் வேண்டியிருக்கிறது. கடனோ உதவித் தொகையோ கைக்கு வருவது அதற்குப் பின்னால். இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரன் நிற்கிறான். மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து என்று 3,000 வெள்ளி வாங்கினால், மாதா மாதம் 300 வெள்ளி வட்டியே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் 300-ஐ வட்டிக்குக் கொடுத்துவிட்டு எதைச் சாப்பிடுவது?

இந்த இடைவெளியை அடைக்க வழி இருக்கிறது. அரசாங்கத்தின் உதவித் தொகை பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பி.டி.பி.டி.என். நிறுவனம் 1,500 வெள்ளி முன்பணம் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. பதிவு நாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். சபா, சரவாக் போகும் பிள்ளைகளுக்கு விமானச் சீட்டு உதவியாக ஃபிளைசிஸ்வா என்ற திட்டம் 2023-ல் தொடங்கப்பட்டது. கோத்தா கினபாலுவில் இடம் கிடைத்தது என்று தலையில் கை வைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது சொந்தச் சேமிப்பு. பிள்ளை முதலாம் வகுப்பில் சேரும்போதே எஸ்.எஸ்.பி.என். கணக்கு ஒன்று திறந்து மாதம் 30 வெள்ளி போட்டு வாருங்கள். வருஷத்துக்கு 360. ஐந்தாம் படிவம் முடியும்வரை பதினோரு வருஷம். 3,960 வெள்ளி முதலே சேர்ந்துவிடும், ஈவுத்தொகை தனி. பதிவு நாளும் முதல் வருஷத்துப் பேருந்துச் செலவும் அதில் அடங்கிவிடும். பி.டி.பி.டி.என். கடன் கேட்கவும் அந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது. ஆக ஒரே கல்லில் இரண்டு மாங்காய். “மழை பெய்தால் வெட்டு இல்லை, முப்பது வெள்ளிக்கு எங்கே போவது?” என்று தாய்மார்கள் கேட்பது எனக்குத் தெரியும். பத்து வெள்ளி போடுங்கள். போடாத முப்பதைவிடப் போட்ட பத்து பெரிது.

கடனே வேண்டாம் என்றால் எல்லாருக்கும் முடியாது. எனவே வாங்கும் கடனை அளந்து வாங்குவோம். பி.டி.பி.டி.என். 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டது. 2008 முதல் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்பதே அதன் கூலி விகிதம். 20,000 வெள்ளி வாங்கி பத்தாண்டில் கட்டினால், எளிய கணக்கில் வருஷம் 200 வீதம் 2,000 கூடும். 22,000-ஐ 120 மாதத்தில் வகுத்தால் மாதம் 183 வெள்ளி. வேலைக்குப் போன பிள்ளை தாங்கக்கூடிய சுமை அது. ஆனால் தருகிறார்கள் என்பதற்காக முழுத் தொகையையும் வாங்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. புதுக் கைத்தொலைபேசிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வாங்குகிற கடன் அல்ல அது. முதல் வகுப்பில் தேறியவர்களுக்குக் கடன் விலக்கும் உண்டு. அதன் நிபந்தனைகள் பல தடவை மாறியிருக்கின்றன. பிள்ளை சேரும் வருஷத்து விதியைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் முதுமைக் காலத்துச் சோறு. பிள்ளை பட்டம் வாங்கிய மறுநாள் பெற்றோர் அவன் கையை எதிர்பார்த்து நிற்க நேர்ந்தால், அதுவும் பிள்ளை தலையில் ஏற்றிய ஒரு கடன்தான்.

இனி உதவி கிடைக்கும் இடங்கள். தேடினால்தான் கிடைக்கும். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நீங்களோ உங்கள் பெற்றோரோ உறுப்பினரா? பெட்டியில் பழைய பங்குச் சீட்டு கிடக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவி பற்றி அந்தச் சங்கத்தில் விசாரியுங்கள். உங்கள் தோட்டத்தை நடத்தும் கம்பெனிக்கு அறநிறுவனம் உண்டா? யாயாசான் சைம் டார்பி போன்றவை 1980-களிலிருந்தே உபகாரச் சம்பளம் கொடுத்து வருகின்றன. பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ. உபகாரச் சம்பளங்கள் இருக்கின்றன. பல மாநில அரசுகள் தம் மாநிலத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் புகும்போது ஒரு தொகை கொடுக்கின்றன. பிள்ளை படிப்பது வெளி மாநிலத்தில் என்றாலும், உதவி கேட்க வேண்டியது உங்கள் சொந்த மாநிலத்தில் என்பதை மறந்துவிடாதீர்கள். மித்ரா அமைப்பும் இந்திய மாணவர்களுக்கு உதவித் திட்டங்கள் நடத்தியிருக்கிறது.

முக்கியமாக ஒன்று. வேலை விபத்தில் கணவரை இழந்த தாய்மார்களும், உடல் முடமாகிச் சொக்சோ ஓய்வூதியம் பெறும் தோழர்களும் இங்கே இருக்கலாம். சொக்சோ நிறுவனம் அத்தகைய தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்கல்விக்கென்று தனிக் கல்வி உதவி வைத்திருக்கிறது. மாதா மாதம் ஓய்வூதியம் வாங்கப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. அது தருமம் அல்ல. தொழிலாளரின் பெயரில் கட்டிய சந்தாவின் பலன்.

கிராணி நண்பர்களே! இப்போது உங்களிடம் வருகிறேன். இந்த விண்ணப்பங்கள் எல்லாம் மலாயில் இருக்கின்றன, கணினி வழியாக அனுப்ப வேண்டியிருக்கின்றன, சம்பளச் சான்று கேட்கின்றன, கெடு வைக்கின்றன. விடியற்காலை பிரட்டுக்கு எழுந்து போகும் தொழிலாளிக்கு இவையெல்லாம் காடு மாதிரி. அந்தக் காட்டில் பாதை தெரிந்தவர்கள் நாம். முன்பெல்லாம் ஊருக்குக் கடிதம் எழுதித் தரும்படி தொழிலாளர்கள் நம்மிடம்தான் வருவார்கள். எழுதிக் கொடுத்தோம். இன்று அந்தக் கடிதத்துக்குப் பதில் இந்த விண்ணப்பம். எஸ்.பி.எம். முடிவும் எஸ்.டி.பி.எம். முடிவும் வரும் மாதங்களில், வாரத்தில் ஒரு மாலை சங்க மண்டபத்தில் உட்காருவோம். கூட ஒரு பல்கலைக்கழக மாணவரையும் வைத்துக்கொள்வோம். எந்தப் பிள்ளையும் “யாரும் சொல்லவில்லையே” என்று தன் அப்பாவுக்கு ஆறுதல் சொல்ல நேரக் கூடாது.

முடிவாக, ஒரு கோரிக்கையை இந்தச் சபை முன் வைக்கிறேன். தனி மனிதனாக நின்றதால்தான் நான் வட்டிக்காரனிடம் போனேன். நமக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960-ல் துன் சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். பத்து வெள்ளியால் தோட்டம் வாங்க முடியும் என்று அன்று யார் நம்பினார்கள்? வாங்கிக் காட்டினோம் அல்லவா?

நம் கிளையில் எண்பது உறுப்பினர் மாதம் ஐந்து வெள்ளி போட்டால் மாதம் 400. வருஷத்துக்கு 4,800 வெள்ளி. இரண்டு மூன்று பிள்ளைகளின் பதிவு நாள் செலவுக்கு அது போதும். வட்டி வேண்டாம். கடனோ உதவித் தொகையோ கைக்கு வந்ததும் அந்தக் குடும்பம் தவணையாகத் திருப்பிக் கொடுக்கட்டும். அடுத்த வருஷம் அதே பணம் இன்னும் இரண்டு பிள்ளைகளை அனுப்பும். தலைமைச் சங்கத்தின் அனுமதியோடு, ரசீதோடு, தணிக்கையோடு, மூன்று பேர் கையெழுத்தோடு இதை நடத்த வேண்டும். சொந்தக்காரன், வேண்டியவன் என்ற பேச்சுக்கே இடம் கூடாது. இந்தக் கல்வி நிதியை இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன். முதல் ஆண்டுக்கான என் பங்கு 60 வெள்ளியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். இதை என் மகன் கொடுத்தனுப்பினான். ஆம், கடன் கட்டி முடித்த அதே மகன். “அப்பா, என் பெயரைச் சொல்ல வேண்டாம், என் கணக்கை மட்டும் சொல்லுங்கள்” என்றான். சொல்லிவிட்டேன்.

தோழர்களே! நம் முன்னோர் ஒரு வெள்ளி கொடுத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இடம் வாங்கினார்கள். நாம் ஐந்து வெள்ளி கொடுத்து நம் பிள்ளைகளை அந்த இடத்தில் உட்கார வைப்போம். வாசல் பார்த்து அனுப்புவோம். கணக்குப் பார்த்துக் கடன் வாங்குவோம். ஒருவர் பிள்ளையை எல்லாரும் தூக்கிவிடுவோம்.